எட்டு மெகாபைட்டும் ஓயாத இடமாற்றமும்

ஈமேக்ஸ் என்னும் உரைத்திருத்தியின் பெயருக்கு ‘எடிட்டர் மேக்ரோஸ்’ என்பதே முறையான விரிவு. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற பழைய திருத்தியின் மேல் எழுதப்பட்ட மேக்ரோக்களின், அதாவது பல கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்த சிறு நிரல்களின் தொகுப்பாக அது பிறந்ததால் வந்த பெயர் அது. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் நான் முதன்முதலில் கேட்டது வேறொரு விரிவை. ஆய்வகப் பொறுப்பாளர் அந்தப் பெயரின் ஐந்து எழுத்துகளையும் கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல்லை நிரப்பினார்: ‘எயிட் மெகாபைட்ஸ் அண்ட் கான்ஸ்டன்ட்லி ஸ்வாப்பிங்’. எட்டு மெகாபைட்டை விழுங்கிய பிறகும் ஓயாமல் ஸ்வாப் செய்துகொண்டே இருப்பது என்று பொருள். மூத்த மாணவர்கள் சிரித்தார்கள். ஸ்வாப் என்பது என்னவென்று அன்று மாலை அவரிடமே போய்க் கேட்டேன். அவர் மூலையிலிருந்த பழைய கணினி ஒன்றில் நான்கைந்து மென்பொருள்களை அடுத்தடுத்துத் திறந்து, பெட்டியின் முகப்பில் வன்தட்டுக்கான சிறிய சிவப்பு விளக்கு அணையாமல் துடிப்பதைக் காட்டினார். நினைவகத்தில் இடம் போதாதபோது, அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் வட்டில் கொண்டுபோய் வைக்கிறது. தேவைப்படும்போது மீண்டும் எடுத்துவருகிறது. வட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது என்பதால் கணினி முழுவதும் தேங்கி நிற்கிறது. மெய்நிகர் நினைவகம் எனப்படும் இந்த ஏற்பாட்டைப் பற்றிய பாடத்தை நான் கற்றது அந்தச் சிவப்பு விளக்கில்தான்.

இந்த விளையாட்டு விரிவுகள்மேல் எனக்கு ஏற்பட்ட பற்று அன்று தொடங்கியது. கணினி அமைப்புகளைப் பராமரிக்கும் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்த பிறகும் அது குறையவில்லை. இவற்றைப் பொழுதுபோக்குத் துணுக்குகளாகத் தொகுத்துப் பகிர்பவர்கள் பலர் உண்டு. என்னைப் பொறுத்தவரை இவற்றுள் சிறந்தவை தொழில்நுட்ப விமர்சனங்கள். எட்டு மெகாபைட் என்ற அளவைப் பாருங்கள். 1980களில் பல பணிநிலையக் கணினிகளின் மொத்த நினைவகமே அந்த அளவை எட்டாது. அந்தக் காலத்தில் ஓர் உரைத்திருத்தி அவ்வளவு இடத்தைக் கேட்பது உண்மையான குறை. அந்தக் குறையை ஒரு கட்டுரையாக எழுதியிருந்தால் இன்று யாரும் படிக்கமாட்டார்கள். பெயருக்குள் வைத்துக் கட்டியதால் அது நாற்பது ஆண்டுகளாகப் பிழைத்திருக்கிறது. இன்றைய உலாவியில் ஒரு தாவலைத் திறந்தாலே எட்டு மெகாபைட்டைத் தாண்டிவிடும் என்பதால், அந்தச் சொற்றொடர் இப்போது ஒரு காலத்தின் அளவுகோலாகவும் ஆகிவிட்டது.

இதே வகையில் எனக்குப் பிடித்த இன்னொன்று ‘மிப்ஸ்’. ஒரு நொடியில் எத்தனை மில்லியன் கட்டளைகளைச் செயலி நிறைவேற்றுகிறது என்பதைச் சொல்லும் அளவு அது. விற்பனை விளம்பரங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. பொறியாளர்கள் அதை ‘மீனிங்லெஸ் இண்டிகேஷன் ஆஃப் ப்ராசஸர் ஸ்பீட்’ என்று விரித்தார்கள்: செயலியின் வேகத்தைப் பற்றிய பொருளற்ற குறியீடு. இந்த விரிவைத் துல்லியமான கூற்றாகவே ஏற்கலாம். ஒரு செயலி ஒரே கட்டளையில் செய்து முடிக்கும் வேலைக்கு மற்றொரு செயலி நான்கு கட்டளைகளை எடுத்துக்கொள்ளலாம். அப்போது கட்டளைகளை எண்ணி இரண்டையும் ஒப்பிடுவதில் என்ன பொருள் இருக்கிறது? 1977-இல் வெளிவந்த வாக்ஸ் 11/780 என்னும் கணினியை ஒரு மிப்ஸ் கணினி என்று உலகமே ஏற்று, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டது. ஆனால் அதன் சொந்தக் கட்டளைகளை எண்ணிப் பார்த்தால் அது நொடிக்கு ஏறத்தாழ அரை மில்லியன் கட்டளைகளையே நிறைவேற்றியது. பாடநூலில் இரண்டு பக்கம் எடுக்கும் இந்தச் செய்தியை நான்கு எழுத்துகளுக்குள் யாரோ ஒருவர் அடக்கிவிட்டார்.

மடிக்கணினிகளில் செருகும் அட்டைகளுக்குத் தரம் வகுக்க 1989-இல் தோன்றிய அமைப்பின் பெயர் பி.சி.எம்.சி.ஐ.ஏ. ‘பீப்பிள் கான்ட் மெமரைஸ் கம்ப்யூட்டர் இண்டஸ்ட்ரி அக்ரோனிம்ஸ்’ என்று அதற்கு விரிவு சொன்னார்கள். கணினித் துறையின் சுருக்கப்பெயர்களை மனிதர்களால் மனப்பாடம் செய்ய முடியாது என்பது பொருள். பின்னர் அந்த அட்டைகளுக்குப் ‘பிசி கார்டு’ என்ற எளிய பெயரே வழக்குக்கு வந்தது. கேலி செய்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. லிஸ்ப் என்னும் நிரல்மொழியின் அடைப்புக்குறிகளைப் பற்றியும், டிஃப் என்னும் படக் கோப்பு வடிவத்தின் ஒத்துப்போகாத வகைகளைப் பற்றியும் இப்படிப்பட்ட விரிவுகள் உண்டு. ஸ்கேனர்களையும் மென்பொருள்களையும் இணைக்கும் தரமான ‘ட்வெயின்’ மட்டும் சற்று வேறானது. இரண்டு என்னும் பொருள்தரும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லே அது. பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டதால் எல்லோரும் அதைச் சுருக்கப்பெயர் என்று எண்ணி விரிவைத் தேடினார்கள். ‘சுவையான பெயரற்ற தொழில்நுட்பம்’ என்று பொருள்படும் ‘டெக்னாலஜி வித்தவுட் ஆன் இண்டரெஸ்டிங் நேம்’ என்ற விரிவு இன்றும் அதை விட்டு நீங்கவில்லை.

சற்று நின்று சொல்லவேண்டியது ‘ட்விம்’ பற்றியது. ‘டூ வாட் ஐ மீன்’, அதாவது நான் எண்ணியதைச் செய் என்பது அதன் விரிவு. வாரன் டைட்டல்மன் என்பவர் 1960களில் லிஸ்ப் மொழிக்காக உருவாக்கிய இந்த வசதி, பயனர் எழுத்துப்பிழையோடு ஒரு கட்டளையை உள்ளிட்டால், அவர் எதை எண்ணியிருப்பார் என்று ஊகித்துத் திருத்திக்கொள்ளும். கைப்பேசியில் நாம் தட்டச்சிடும்போது சொற்களைத் தானாக மாற்றும் வசதிக்கு இது முன்னோடி என்று தயங்காமல் சொல்வேன். சிக்கல் என்னவென்றால், அந்த ஊகம் டைட்டல்மனின் தட்டச்சுப் பழக்கத்தோடு மிகவும் பொருந்திப்போனது. மற்றவர்கள் எண்ணியதையோ அது பலமுறை தவறவிட்டது. ஆகவே அவருடன் பணியாற்றியவர்கள் அதே நான்கு எழுத்துகளை ‘டேம் வாரன்ஸ் இன்ஃபெர்னல் மெஷின்’ என்று விரித்தார்கள். வாரனின் பாழாய்ப்போன பொறி என்று தமிழில் சொல்லலாம்.

கணினி வல்லுநர்களின் வழக்குச் சொற்களைத் தொகுப்பதற்காக 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கப்பட்ட ‘ஜார்கன் ஃபைல்’ என்னும் அகராதி இதையொட்டி ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கட்டளைகளைப் பெறும் நிரலுக்குள் இந்த வசதி சேர்க்கப்பட்டிருந்தது. அங்கிருந்த திருத்தி, தான் எடுத்துவைக்கும் காப்புக் கோப்புகளின் பெயர் இறுதியில் டாலர் குறியைச் சேர்க்கும். ஒருவர் வட்டில் இடம் விடுவிப்பதற்காக, டாலர் குறியில் முடியும் கோப்புகளை எல்லாம் நீக்கு என்று பொருள்படும் கட்டளையைத் தட்டினார். அப்படி முடியும் கோப்பு ஒன்றுகூட இல்லை. உடனே ட்விம், நீங்கள் கேட்டது இல்லை, ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்றே நீங்கள் எண்ணியிருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, வட்டிலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கிவிட்டது. அவர் பதறிப்போய் நிறுத்துவதற்குள் ஐந்தாறு கோப்புகள் போய்விட்டன. ஒரு டாலர் குறி இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் இடையிலுள்ள தொலைவு இவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சியை நான் அறியேன். புதிதாகப் பணியில் சேரும் இளைஞர்களுக்கு நீக்கும் கட்டளைகளைக் கற்றுத்தரும் முதல் நாளில் இதைத்தான் சொல்கிறேன்.

விரிவைத் திரிப்பது ஒரு வகை என்றால், இல்லாத பொருளுக்கே பெயர் படைப்பது மற்றொரு வகை. படிக்க மட்டும் இயலும் நினைவகம் ‘ரோம்’. அதைத் திருப்பிப் போட்டு, எழுத மட்டும் இயலும் நினைவகம் என்று ‘வோம்’ என்ற ஒன்றை உருவாக்கினார் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர். எதையும் எழுதலாம், எதையும் திரும்பப் பெற முடியாது. 1970களின் முற்பகுதியில் உருவான அதன் தரவுத்தாள், அதாவது சில்லின் அளவுகளையும் பண்புகளையும் விவரிக்கும் தாள், 25120 என்ற எண்ணோடு, உண்மையான சில்லுகளின் தாள்களைப்போலவே அச்சாகியிருந்தது. அந்தத் தாளை ஒவ்வொரு வரியாக வாசிக்கவேண்டும். மின்னழுத்தங்களுள் ஒன்று சுழி வோல்ட். அதற்கு அனுமதிக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு இரண்டு விழுக்காடு. சுழியில் இரண்டு விழுக்காடு சுழிதான் என்பது கவனித்துப் படிப்பவர் கண்ணில் மட்டுமே படும். இன்னொரு மின்னழுத்தம் 6.3 வோல்ட் மாறுமின். அது பழைய வெற்றிடக் குழாய்களின் இழையைச் சூடேற்றும் அளவு. வரைபடங்களுள் ஒன்று, சில்லைச் சாக்கெட்டில் எத்தனை முறை செருகினால் எத்தனை கால்கள் மிஞ்சும் என்பதைக் காட்டுகிறது. கால்கள் வளைந்து ஒடிந்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு வருந்தியவர் யாரும் அந்த வரைபடத்தை மறக்கமாட்டார். தரவுத்தாள்களுக்கு ஒப்புதல் தரவேண்டியவர்கள் அவற்றைப் படிப்பதே இல்லை என்ற மனக்குறைதான் இதை எழுதத் தூண்டியது என்றும், இதற்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றும், வாடிக்கையாளர்கள் விலை கேட்டு அழைத்த பிறகே குட்டு வெளிப்பட்டது என்றும் ஜார்கன் ஃபைல் கூறுகிறது. பின்னர் அந்த நிறுவனமே அதை ஓர் ஏப்ரல் மாதத் தொழில் இதழில் இரண்டு பக்க விளம்பரமாக வெளியிட்டது. தன் தவற்றைத் தானே விலைகொடுத்து அச்சிட்ட அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனித் தன்னையே விரிக்கும் பெயர்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று அறிவித்த, யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் போன்ற ஒன்றை உருவாக்கும் க்னூ திட்டத்தின் பெயர் ‘க்னூஸ் நாட் யூனிக்ஸ்’ என்று விரியும்: க்னூ யூனிக்ஸ் அன்று. விரிவின் முதல் சொல் மீண்டும் அந்தச் சுருக்கமே. அதையும் விரித்தால் அதற்குள்ளும் அதுவே. நிரலாக்கத்தில் தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு ஒன்றை எழுதினால், எங்கே நிற்கவேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதவேண்டும். இந்தப் பெயரில் அந்த நிபந்தனை மட்டும் இல்லை. ஸ்டால்மன் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எம்.ஐ.டி. வட்டாரத்தில் ஏற்கெனவே ‘ஐனே இஸ் நாட் ஈமேக்ஸ்’ என்று விரியும் ‘ஐனே’ என்னும் உரைத்திருத்தி இருந்தது. அதன் அடுத்த வடிவம் ‘ட்ஸ்வை வாஸ் ஐனே இனிஷியலி’, அதாவது ட்ஸ்வை முதலில் ஐனேயாக இருந்தது என்று விரியும் ‘ட்ஸ்வை’. ஜெர்மன் மொழியில் இவை ஒன்றையும் இரண்டையும் குறிக்கும் சொற்கள். ஒரு மென்பொருளின் பரம்பரையை இரண்டு பெயர்களில் இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா?

க்னூ என்ற பெயரிலுள்ள மறுப்பு வெறும் குறும்பன்று என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். யூனிக்ஸைப்போலவே இயங்கவேண்டும், ஆனால் யூனிக்ஸின் நிரல்வரி ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. பெயரே கொள்கை அறிக்கையாக நிற்கிறது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸ் இயங்குதளத்தில் இயக்க உதவும் ‘வைன்’, ‘வைன் இஸ் நாட் ஆன் எமுலேட்டர்’, அதாவது வைன் கணினியைப் போலி செய்யும் மென்பொருள் அன்று என்று விரிவதும் அப்படியே. அது செயலியைப் போலி செய்வதில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்கும் வேண்டுகோளை லினக்ஸுக்குப் புரியும் வேண்டுகோளாக உடனுக்குடன் மாற்றித் தருகிறது. அதனால்தான் முழுக் கணினியையும் போலி செய்யும் மென்பொருளைவிட அது விரைவாக இயங்குகிறது. இந்த வேறுபாட்டை விளக்கக் கேட்பவர்களுக்கு நான் அந்தப் பெயரை விரித்துக்காட்டி அங்கிருந்து தொடங்குகிறேன்.

1998-இல் தொடங்கிய ‘லேம்’ என்ற ஒலிக்கோப்பு மென்பொருளின் கதை இதற்கு மறுதலை. ‘லேம் எய்ன்ட் ஆன் எம்பி3 என்கோடர்’, லேம் ஓர் எம்பி3 குறியாக்கி (ஒலியை எம்பி3 கோப்பாக மாற்றும் நிரல்) அன்று என்ற விரிவு தொடக்கத்தில் முழு உண்மை. ஏனெனில் அது வேறொரு மாதிரி நிரலின்மேல் இடும் திருத்தங்களின் தொகுப்பாகவே வெளியானது, தனியாக எதையும் குறியாக்க அதனால் இயலாது. சில ஆண்டுகளுக்குள் பழைய நிரலின் பகுதிகள் முழுதும் மாற்றி எழுதப்பட்டு, அது முழுமையான, மிகச் சிறந்த எம்பி3 குறியாக்கியாகவே வளர்ந்துவிட்டது. பெயர் மட்டும் தன் பழைய மறுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பற்றோடு பேசும் நான், ஒரு வகை சுருக்கப்பெயர்களை மட்டும் என் பணியிடத்தில் அனுமதிப்பதில்லை. ‘பெப்காக்’ என்று ஒன்று உண்டு: சிக்கல் விசைப்பலகைக்கும் நாற்காலிக்கும் இடையே இருக்கிறது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். I, D என்னும் ஆங்கில எழுத்துகளுக்குப் பின் 10 என்ற எண்ணையும் T என்ற எழுத்தையும் எழுதி, பிழைக் குறியீடுபோல் காட்டி, முட்டாள் என்று படிக்கவைக்கும் ஒன்றும் உண்டு.

2006-இல் சென்னையில் ஒரு நிறுவனத்தின் உதவி மையத்தில் நான் வேலை பார்த்தேன். வெளியூர் அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரே புகார் மூன்று முறை வந்திருந்தது: பகலில் உள்ளிட்ட ரசீதுகளில் சில மாலையில் காணாமற்போகின்றன. முதல் இரண்டு முறையும் குறிப்புக் கட்டத்தில் ‘பெப்காக்’ என்று எழுதிப் புகாரை மூடியிருந்தார்கள். மூன்றாவது முறை அது என்னிடம் வந்தது. தொலைபேசியில் பேசியவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கணக்கர் அம்மையார்.

“தம்பி, இருபது வருசமா கையால லெட்ஜர் எழுதினவ நான். கூட்டல்ல ஒரு பைசா தப்பினதில்ல. இதுல மட்டும் எப்படித் தப்பும்?” என்றார்.

“தப்பு உங்க மேல இருக்கும்னு நான் சொல்லலைம்மா. காலையில இருந்து என்ன செய்றீங்களோ அதை அப்படியே ஒவ்வொண்ணாச் சொல்லுங்க” என்றேன்.

ஒவ்வொரு படியாகச் சொல்லி வந்தபோது, நடுவில் ஒருவர் பணம் கட்ட வந்ததால் பேச்சை நிறுத்தி, கட்டணத்தை எண்ணி வாங்கி, கையால் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, இருபது நிமிடங்கள் கழித்து மீண்டும் பேசினார். காரணம் அங்கேதான் இருந்தது. குறிப்பிட்ட நேரம் யாரும் தொடாவிட்டால் மென்பொருள் உள்நுழைவைத் துண்டித்துவிடும். ஆனால் திரையில் எந்த அறிவிப்பும் தோன்றாது. கட்டங்கள் முன்போலவே எழுத்துகளை ஏற்றுக்கொள்ளும். சேமி என்ற பொத்தானை அழுத்தும்போது உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும், அதுவரை தட்டியது அனைத்தும் போய்விடும். அவர் வாடிக்கையாளரைக் காக்கவைக்காமல் கவனித்ததற்காக மென்பொருள் அவருடைய உழைப்பை அழித்துக்கொண்டிருந்தது. நிரலைத் திருத்த எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது.

தொலைபேசியை வைக்கும்முன் அவர் கேட்டார்: “நீங்க அனுப்பின அறிக்கையில ரெண்டு எடத்துல பெப்காக்னு போட்டிருக்கே, அது என்ன தம்பி?” மாதாந்திர அறிக்கையில் குறிப்புக் கட்டமும் சேர்ந்து அச்சாகிப் போயிருந்தது. பொய் சொல்ல மனம் வராமல் பொருளைச் சொன்னேன். சிறிது நேரம் எதிர்முனையில் மின்விசிறியின் ஒலி மட்டும் கேட்டது. “அந்த நாற்காலியில உக்கார்ந்திருக்கிறது நான்தானே” என்றார்.

ட்விமைக் கேலி செய்தவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்து, அது எங்கே தவறுகிறது என்று கண்டறிந்தவர்கள். மிப்ஸைக் கேலி செய்ய, கட்டளைத் தொகுதிகளைப் பற்றிய அறிவு வேண்டும். பெப்காக் என்று எழுத எந்த அறிவும் வேண்டியதில்லை. காரணத்தைத் தேடுவதை நிறுத்திக்கொண்டால் போதும். கணினிப் பிணையத்தின் வேலையைப் பாடநூல்கள் பிரிக்கும் ஏழு அடுக்குகளுக்கு மேல் மனிதரை எட்டாவது அடுக்கு என்று சொல்வதுண்டு. அதையாவது நான் ஓரளவு ஏற்பேன். மனிதரும் அமைப்பின் ஓர் அடுக்கு, அவரையும் கணக்கில் கொண்டே வடிவமைக்கவேண்டும் என்ற பொருளையும் அதிலிருந்து எடுக்கமுடிகிறது.

தமிழில் இப்படித் தன்னையே விரிக்கும் ஒரு பெயரை அமைக்க முடியுமா என்று நெடுநாள் முயன்றிருக்கிறேன். ஆங்கிலத்தில் எந்த எழுத்தும் ஒரு சொல்லுக்கு முதலாக வரலாம். நமக்கு மொழிமுதல் எழுத்துகள் என்ற வரையறை குறுக்கே நிற்கிறது. ‘நிரல்’ என்பதைச் சுருக்கப்பெயராகக் கொண்டால், ர என்று தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லை. ல் என்னும் மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது. ‘கணினி’ என்றால் ணகரமும் னகரமும் தடுக்கின்றன. நல்ல பெயர்கள் பலவும் இடையிலோ இறுதியிலோ இந்த விதியில் முட்டி நின்றுவிடுகின்றன. மொழிமுதலாக வரக்கூடிய எழுத்துகளை மட்டுமே கொண்ட பெயரைத் தேடவேண்டும். நம் எழுத்துகள் உயிர்மெய்யாக இருப்பதால், அந்த உயிரும் பொருந்தி வரவேண்டும்.

தேடியதில் ஒன்று அகப்பட்டது. 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையில், தமிங்கில முறைபோல் ஆங்கில எழுத்துகளின் வழியே போகாமல் தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டுகிறோம்; நான் அன்றாடம் பயன்படுத்துவது அதுதான். அந்த முறையில் இயங்கும் சிறிய மென்பொருள் ஒன்றை என்றாவது எழுதினால் அதற்கு மாதவி என்று பெயர் வைப்பேன். விரிவு: மாதவி தமிங்கில விசைப்பலகையன்று.